மணிக்கு 120

அன்புள்ள ஐயா,

டிசம்பர் 14 ஜெமினிட் எரிகல் பொழிவின் உச்சம், மணிக்கு 120 தெரியும் என்று செய்தியில் படித்துவிட்டு, பிள்ளைகளோடு மொட்டை மாடிக்குப் போனேன். இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை நின்றோம். மேகம் இல்லை, நிலவும் இல்லை. கண்டது இரண்டே இரண்டு. அதில் ஒன்று கிழக்கே கிளம்பி வானத்தில் பாதி தூரம் ஓடியது. போனில் நைட் மோடில் எடுத்த படங்களில் ஒன்றும் விழவில்லை. நகரத்து வெளிச்சத்தில் கார்த்திகைக் கூட்டத்திலேயே நான்கு நட்சத்திரங்களைத்தான் எண்ண முடிந்தது. செய்தி மிகையா, நாங்கள் பார்த்த விதம் தவறா? டெலஸ்கோப் வாங்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செய்தியில் வந்த எண் சரி. ஆனால் அது உங்கள் வானத்துக்கான எண் அல்ல. ஜெட்.எச்.ஆர்., அதாவது உச்சி மணி வீதம் என்று சொல்லப்படும் அந்தக் கணக்குக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. எரிகற்கள் கிளம்பி வருவதாகத் தோன்றும் இடம், அதாவது கதிர்மையம், நேர் உச்சியில் இருக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு 6.5 ஒளித்தரம் (எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல்) வரையிலான மங்கல் நட்சத்திரங்கள் தெரிய வேண்டும். இரண்டும் ஒருசேர அமைவது அரிது. செய்தி எழுதுபவர்கள் இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போடுவதால்தான் இத்தனை பேர் ஏமாந்து மாடியிறங்குகிறார்கள்.

உங்களுக்கான எண்ணைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கார்த்திகையில் நான்கு. அறுமீன் என்ற பழைய பெயருக்கு ஏற்ப ஆறும் தெரிந்தால் உங்கள் வானம் 4.3 ஒளித்தரம் வரை காட்டுகிறது. எட்டு தெரிந்தால் 5.5. நான்கோடு நின்றால் 4 என்று வைத்துக்கொள்ளலாம். ஜெமினிட் பொழிவில் வானத்தின் எல்லை ஒரு ஒளித்தரம் குறைந்தால், தெரியும் எரிகற்கள் ஏறத்தாழ 2.6 மடங்கு குறையும். 6.5-க்கும் 4-க்கும் இடைவெளி இரண்டரைப் படி, ஆக 11 மடங்கு இழப்பு. 120 அங்கேயே 11 ஆகிவிட்டது.

அடுத்தது உயரம். ஜெமினிட்டின் கதிர்மையம் புனர்பூச இரட்டையரில் ஒன்றான காஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்த நேரத்தில் அது கிழக்கு அடிவானத்துக்கு மேல் 15, 20 டிகிரிதான் ஏறியிருந்திருக்கும். கதிர்மையத்தின் உயரக் கோணத்துக்கு உரிய சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 18 டிகிரிக்கு அது 0.31. ஆக மணிக்கு மூன்று, நான்கு. நடுவே போன் திரையையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கண்டது மிகச் சரியான கணக்கு!

அதே மாடியில் இரவு 2 மணிக்கு நின்றிருந்தால், கதிர்மையம் 65 டிகிரி உயரத்துக்கு வந்து, மணிக்குப் பத்து தெரிந்திருக்கும். அதே 2 மணிக்கு, 6 ஒளித்தரம் வரை தெரியும் ஊர்ப்புறத்து இருட்டில் படுத்திருந்தால் 65-க்கு மேல். கதிர்மையத்தின் உயரம் ஊரின் அட்சரேகையைப் பொறுத்து மாறும். ஆனால் ஜெமினிட்டுக்கு 2 மணியை ஒட்டித்தான் அது உச்சம் தொடும் என்பது எங்கும் பொது.

பாதி வானம் ஓடிய அந்த ஒன்றுக்காகவே உங்கள் மாலை வீண்போகவில்லை என்பேன். கதிர்மையம் தாழ்ந்திருக்கும்போது துகள்கள் தரைக்கு ஏறக்குறைய இணையாக, காற்று மண்டலத்தின் மேல்விளிம்பை உரசியபடி வருகின்றன. அடர்த்தியான காற்றுக்குள் இறங்காததால் மெல்லக் கரைந்து நெடுந்தூரம் ஓடுகின்றன. எண்ணிக்கை குறைவு, நீளம் அதிகம். நள்ளிரவுக்குப் பிறகு பார்ப்பவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

இனி பார்க்கும் முறை. நிற்காதீர்கள். பாயோ சாய்வு நாற்காலியோ போட்டுப் படுங்கள். நின்று அண்ணாந்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், பார்வை தாழும். கதிர்மையத்தையே முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். அங்கே எரிகல் நம்மை நோக்கி வருவதால் கோடு குட்டையாகத் தெரியும். நீட்டிய கையின் முஷ்டி அகலம் 10 டிகிரி. கதிர்மையத்திலிருந்து மூன்று, நான்கு முஷ்டி தள்ளி, இருட்டு அதிகமான பக்கம் பாருங்கள். கண்ட கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். புனர்பூசத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அது ஜெமினிட் அல்ல, தனியாக வந்த வேறொன்று.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். விழித்திரையின் கோல் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி மெல்ல மெல்லச் சேர்வதற்கான நேரம் அது. போன் திரையின் வெள்ளை வெளிச்சம் பட்டால் சில நொடிகளில் அது சிதைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச் வேண்டுமானால் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். கோல் செல்கள் பார்வையின் மையத்தில் இல்லை, சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் மங்கலான எரிகற்கள் கடைக்கண்ணில்தான் படும். எந்த நட்சத்திரத்தையும் குறிவைக்காமல் பார்வையைத் தளர்வாக விடுங்கள்.

பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: மணிக்கு 20 என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று வரிசையாக வராது. பத்து நிமிடம் ஒன்றுமே இராது, பிறகு ஒரே நிமிடத்தில் மூன்று பாயும். அந்த வெற்றுப் பத்து நிமிடத்தில்தான் பலரும் எழுந்து போய்விடுகிறார்கள். எண்ணுவதானால் ஆளுக்கொரு கணக்கு, கால் மணிக்கு ஒருமுறை தாளில் ஒரு பிரிப்புக் கோடு. "அதோ" என்று இன்னொருவர் கத்தித் திரும்பிப் பார்த்ததைச் சேர்க்கக் கூடாது.

போன் ஏன் ஏமாற்றியது? நைட் மோட் பல படங்களை அடுக்கிக் கலக்குகிறது. ஒரே படத்தில் வந்த கோடு அந்தக் கலவையில் மங்கிப்போகும். புரோ மோடுக்கு மாற்றி, முக்காலியில் வைத்து, ஃபோகஸை முடிவிலியில் நிறுத்தி, 15 நொடிப் படங்களாக இடைவிடாமல் எடுங்கள். கேமரா என்றால் 14 முதல் 24 மி.மீ. லென்ஸ், திறப்பு எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 3200. நொடிகளைக் கூட்டினால் எரிகல் பளிச்சென்று வரும் என்பது தவறான நம்பிக்கை. ஒரு பிக்சலை அது ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் கடந்துவிடும். மீதி நேரமெல்லாம் வானத்து வெளிச்சம்தான் சேரும். லென்ஸின் திறப்பும் ஐ.எஸ்.ஓ.வும்தான் கைகொடுக்கும். நீள வெளிப்பாட்டுக்கான இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கேமராவைக் கட்டிப்போடும். பின்னிரவில் லென்ஸில் பனி படியும், அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

நீங்கள் கண்ட அந்த இரண்டும் அநேகமாக மணல் பரலிலிருந்து பயறு வரையிலான அளவுதான். நொடிக்கு 35 கி.மீ. வேகத்தில் வந்து, சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஆவியானவை. பெரும்பாலான பொழிவுகளுக்குத் தாய் வால்மீன். ஜெமினிட்டுக்கோ 1983-ல் ஐராஸ் விண்கலத்தின் படங்களில் கண்டுபிடிக்கப்பட்ட பேத்தான் என்ற பாறை. சூரியனை 2.1 கோடி கி.மீ. வரை நெருங்கி, ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். பாறையிலிருந்து இவ்வளவு துகள் எப்படிக் கொட்டியது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

டெலஸ்கோப் இதற்கு வேண்டாம். அது காட்டும் வானத்துண்டு மிகச் சிறியது. பைனாகுலர் இருந்தால் மட்டும் நெஞ்சின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 12, 13-ல் வரும் இன்னொரு பொழிவான பெர்சீட்டுகள் நொடிக்கு 59 கி.மீ. வேகம். அவற்றில் பிரகாசமானவை சில நேரம் புகைக்கோடு போன்ற ஒளித்தடத்தை விட்டுச்செல்லும். கோடு மறைந்ததும் அந்த இடத்துக்கு பைனாகுலரைத் திருப்புங்கள். 90 கி.மீ. உயரத்துக் காற்று அந்தத் தடத்தை வளைத்து முறுக்குவது ஓரிரு நிமிடம் வரைகூடத் தெரியும்.