வாங்க முன் கேளுங்கள்: பனிக்கு முன் கார் கழுவலும் மெழுகும்

ஒக்டோபர் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி காரைப் பற்றியதாகிவிடும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணா, போன வருடம் டிசம்பரில் காருக்கு மெழுகு பூசினேன். சரியாகப் பிடிக்கவில்லை, வெள்ளைத் திட்டாக நின்றது. எப்போது, எப்படிப் பூச வேண்டும்? (மார்க்கம்)

டிசம்பர் பிந்திவிட்டது தம்பி. பெரும்பாலான மெழுகுகளுக்கு 10 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். ரொறன்ரோப் பக்கத்தில் ஒக்டோபர் நடுப்பகுதிதான் நல்ல காலம். வெயில் நேரே அடிக்காத இடத்தில், கையால் தொட்டால் குளிர்ந்திருக்கும் காரில் செய்யுங்கள்.

முதலில் கழுவல். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கார் சோப், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பில் தோய்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கதவிலிருந்து எடுத்த மணலை அடுத்த கதவில் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சில்லுகளுக்கு வேறு துணி.

காய்ந்த பிறகு ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டி, பொனற்றின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் பைக்குள்ளால் மணல் தாள் போலச் சொரசொரக்கும். அது பெயின்ரில் ஒட்டிக்கிடக்கும் தார்த் துளி, பிரேக் தூள். அதன் மேல் மெழுகு பூசினால் நிற்காது. கடைகளில் களிமண் கட்டி போல ஒன்று விற்கிறார்கள், அதை ஈரத்தோடு மெதுவாகத் தேய்த்து எடுத்தால் அழுக்கு கட்டியோடு வந்துவிடும். அப்புறம் மெழுகை மெல்லியதாக, ஒரு கதவு முடித்து அடுத்த கதவு என்று பூசுங்கள். தடிப்பாகப் பூசியதுதான் உங்கள் வெள்ளைத் திட்டுக்குப் பாதிக் காரணம், மீதி குளிர். கறுப்பு பிளாஸ்ரிக் பாகங்களில் படாமல் பாருங்கள், அங்கே பட்டால் வெள்ளைக் கறை லேசில் போகாது.

கார்னோபா மெழுகு பிரேசிலின் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து வருவது. பளபளப்பு அழகு, ஆனால் பனியைக் கரைக்க உப்புத் தூவும் நம் வீதியில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. பனிக்காலம் முழுக்க வேண்டுமானால் செயற்கைப் பூச்சு வாங்குங்கள், நாலைந்து மாதம் தாங்கும். விலையும் பெரிய வித்தியாசமில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: மெழுகு காப்பது பெயின்ரை மட்டும். கறள் பிடிப்பது பெரும்பாலும் கீழிருந்து. சில்லு வளைவு, கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகடு, பிரேக் எண்ணெய் போகும் குழாய், இங்கெல்லாம் மெழுகு போகாது. அங்கே வருடம் ஒரு முறை கறள் தடுக்கும் எண்ணெய் தெளித்துவிட வேண்டும். கடைகளில் 150 முதல் 200 டொலர் வரை கேட்பார்கள். ஒன்றிரண்டு நாள் எண்ணெய் சொட்டும், டிரைவேயில் ஒரு கார்ட்போட் விரித்துவிடுங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்பால் காரைக் கழுவலாமா? (பிராம்ப்டன்)

கூடாது. கொழுப்பைக் கரைக்கத்தான் அந்தச் சோப், மெழுகையும் கழற்றிவிடும்.

அக்காவுக்கு நான்தான் எழுதித் தருகிறேன். முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறார். முதன்முதலாகப் புதுக் கார் வாங்கினார். பினான்ஸ் அறையில் "பாதுகாப்புப் பொதி" என்று 1,800 டொலருக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பெயின்ருக்குப் பூச்சு, சீற்றுக்குப் பூச்சு, கறள் தடுப்பு. இது இல்லாமல் வங்கி கடன் தராது என்று சொன்னார்களாம். உண்மையா? (ஸ்காபரோ)

பொய். அக்காவிடம் சொல்லுங்கள், இது அவருடைய பிழை இல்லை.

இந்தப் பொதியைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுக்கவில்லை, ஏனென்றால் ஆட்கள் இன்னும் ஏமாற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காரைப் பேரம் பேசிக் களைத்துப்போன பிறகு ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே யாரும் 1,800 என்று சொல்வதில்லை. "மாதம் 30 டொலர்தானே அக்கா, ஒரு நாளைக்கு ஒரு கோப்பிக் காசு" என்பார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1,800 டொலருக்கு 13 வீத வரி சேர்ந்தால் 2,034. இதை 7 வீத வட்டியில் 84 மாதக் கடனுக்குள் போட்டால் மாதம் 30 டொலர் 70 சதம் அளவில் வரும். ஏழு வருடம் கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 2,580 டொலர் போயிருக்கும். பெயின்ருக்குப் பூசியதாகச் சொல்லும் பொருள் அதற்கு வெகு முன்பே கழுவுப்பட்டுப் போயிருக்கும். அந்தக் காசுக்கு ஒரு டசின் வருடம் எண்ணெய் தெளித்து, வருடா வருடம் நல்ல பூச்சுப் போத்தலும் வாங்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒன்ராறியோவில் டீலரிடம் கார் வாங்கினால் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் கிடையாது. பலர் 10 நாள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், டீலர் கடையில் அது செல்லாது. ஆனால் வங்கி கேட்கிறது என்று பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் அது வேறு கதை. 2002-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உண்மைக்கு மாறாகச் சொல்லிச் செய்வித்த ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குள் நுகர்வோர் கைவிடலாம். யார் என்ன சொன்னார்கள், எந்த நாள், எத்தனை மணி என்று அக்காவை இன்றிரவே எழுதிவைக்கச் சொல்லுங்கள். டீலருக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் டீலர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பான ஒம்விக்கில் முறையிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கார் விளம்பரத்தைத் தேடி எடுத்துவைப்பதும் முக்கியம். 2010 முதல் இங்கே டீலர் விளம்பரப்படுத்தும் விலைக்குள், வரியும் இலக்கத்தகட்டுச் செலவும் தவிர்ந்த எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். விளம்பர விலைக்கு மேலே ஒரு பொதியைக் கட்டாயம் என்று ஏற்ற முடியாது. அந்த ஒரு தாள் அக்காவுக்குப் பெரிய பலம். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

கறள் பிடிக்காமல் இருக்க மின்சாரக் கருவி ஒன்று பூட்டலாமாம், பற்றரியோடு இணைப்பது. வாங்கலாமா? (அஜாக்ஸ்)

வாங்காதீர்கள். நான் 2004-இல் வாங்கினேன், 700 டொலருக்கு. பொனற்றைத் திறந்தால் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுங்கும். அதைப் பார்த்துப் பார்த்து நிம்மதியாக இருந்தேன், எண்ணெய் தெளிக்கவே போகவில்லை. ஏழாவது பனிக்காலத்தில் பின் சில்லு வளைவில் பெயின்ற் கொப்புளம் போல எழும்பியது. நகத்தால் தட்டினேன், தகடாகக் கழன்று கையில் விழுந்தது. உள்ளே செங்கல் நிறம். விளக்கு அப்போதும் மினுங்கிக்கொண்டிருந்தது.

கப்பலுக்கும் நிலத்தடிக் குழாய்க்கும் மின்சாரத்தால் கறளைத் தடுப்பது உண்மையான தொழில்நுட்பம். அங்கே இரும்பும் எதிரே வைக்கும் உலோகமும் ஒரே தண்ணீரில் அல்லது ஒரே ஈரமண்ணில் கிடக்கின்றன, மின்னோட்டம் சுற்றி வர வழி இருக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. ஒரு சொட்டு இங்கே, ஒரு சொட்டு அங்கே, அவற்றுக்கிடையே தொடர்பில்லை. 1990-களில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இப்படியொரு கருவியை விற்றவர்கள்மேல் நடவடிக்கை எடுத்தது. இது எனக்கு வாங்கி எத்தனையோ வருடம் கழித்துத்தான் தெரியும்.

டீலரிடம் 10 வருடக் கறள் உத்தரவாதம் எடுத்தேன். இப்போது கதவுக்குக் கீழே ஓட்டை. வருடா வருடம் பரிசோதனைக்குக் கொண்டுவரவில்லை, அதனால் செல்லாது என்கிறார்கள். நினைவூட்டல் கடிதங்கள் வந்தன, நான் திறக்கவில்லை. ஒப்பந்தத்தையும் படிக்கவில்லை. இது அநியாயம் இல்லையா? (மிசிசாகா)

இல்லை. ஒப்பந்தத்தில் இருந்தது, கடிதத்திலும் இருந்தது, நீங்கள் படிக்கவில்லை. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய உத்தரவாதத்துக்கு வருடத்தில் பத்து நிமிடம் ஒதுக்காதவருக்காக நான் யாரோடு சண்டை பிடிப்பது?

ஒரு வழி மிச்சம். கார் செய்த நிறுவனமே கறள் ஓட்டைக்குத் தனியாக உத்தரவாதம் தருவது வழக்கம். உங்கள் காரின் வயது அதற்குள் வருகிறதா என்று கையேட்டில் பாருங்கள். உள்ளிருந்து வெளியே ஓட்டையானால்தான் கணக்கு, மேற்பரப்புக் கறளுக்குக் கிடையாது. இந்தக் கையேட்டையாவது படியுங்கள்.

சூடேற்றிய கராஜில் விடுவது காருக்கு நல்லதுதானே? (வோன்)

உங்களுக்கு நல்லது, உப்புப் பட்ட காருக்கு நல்லதல்ல. உறைந்து கிடந்த உப்புச் சேறு சூட்டில் கரைந்து மடிப்புகளுக்குள் ஓடும், சூட்டில் கறளும் வேகமாகப் பிடிக்கும். கடுங்குளிரில் வெறும் உப்பு வேலை செய்யாது என்பதால் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கலந்தும் தெளிக்கிறார்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நனைந்தபடியே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பூச்சியத்துக்கு மேலே ஏறும் ஒரு நாளில், அடிப்பக்கம் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். கழுவியதும் கதவு ஓரங்களையும் றப்பரையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் கதவு திறக்காது.

அப்பாவுக்கு 74 வயது. வீட்டு வாசலுக்கு வந்த ஒருவர் காரின் பெயின்ருக்குச் செரமிக் பூச்சு என்று 1,200 டொலருக்குக் கையெழுத்து வாங்கி, 300 முற்பணமும் எடுத்துவிட்டார். வேலை இன்னும் தொடங்கவில்லை. ஆறு நாள் ஆகிறது. (ஸ்காபரோ)

இந்தக் கடிதத்துக்கு நான் அன்றே பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன். வீட்டில் வைத்துச் செய்யும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். பிரதியில் சட்டம் கேட்கும் விவரங்கள் இல்லாவிட்டால் ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. தொலைபேசியில் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். பதிவுத் தபாலோ மின்னஞ்சலோ, அத்தாட்சி இருக்க வேண்டும். ரத்துச் செய்த 15 நாளுக்குள் முற்பணம் திரும்பி வர வேண்டும். அப்பாவைத் திட்டாதீர்கள். குளிரில் வந்து நின்ற பெடியனைப் பாவம் என்று உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பத்துக் கழுவலுக்கு முற்கூட்டியே காசு கட்டிய அட்டை காலாவதியாம். ஒன்ராறியோவில் பரிசு அட்டை காலாவதியாகாது என்று படித்தேனே? (பிக்கரிங்)

பொதுவாக ஆகாது. ஒரு குறிப்பிட்ட சேவைக்கு மட்டுமான அட்டைக்கு அந்த விதி பொருந்தாது, கார் கழுவல் அப்படிப்பட்டது. முகாமையாளரிடம் கேட்டுப் பாருங்கள், சிலர் நீட்டித் தருவார்கள்.

பாவித்த கார் ஒன்று பார்த்தோம். 11 வருடப் பழசு, ஆனால் அடிப்பக்கம் கன்னங்கரேலென்று புதிதாக இருக்கிறது. விற்பவர் "போன கிழமைதான் அடித்தேன்" என்கிறார். (ஒஷாவா)

போன கிழமை அடித்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 11 பனிக்காலம் கண்ட கார் அப்படி இருக்காது. கறளுக்கு மேலே தார்ப் பூச்சு அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் தின்னும். வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மேலே தூக்கி, கதவுக்குக் கீழுள்ள தகட்டையும் பிரேக் குழாய்களையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிச் சில்லு வளைவில் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் ஓட்டையை அடைக்கும் புட்டிப் பசை இருக்கக்கூடும். விற்பவர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழில் தேதியையும் பாருங்கள், அது 36 நாளுக்குத்தான் செல்லும். தூக்கிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அந்தக் காரை விட்டுவிட்டு வாருங்கள்.