சிறுநீரில் கிருமி இல்லை என்ற பிறகும் ரத்தத்தில் தொற்று வருமா?

சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எதுவும் வளராத முதியவருக்கு ரத்தத்தில் தொற்று எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுநீர்ப் பாதையிலிருந்து ரத்தத்துக்கும் பரவக்கூடிய ஆக்டினோடிக்னம் ஷாலி என்ற பாக்டீரியா இப்படித்தான் கண்ணில் மண்ணைத் தூவும். 1997-இல்தான் இது தனி இனமாக விவரிக்கப்பட்டது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) பொருத்தியவர்கள் என முதியவர்களையே பெரும்பாலும் பிடிக்கிறது. ஆக்சிஜன் இல்லாமலோ கரியமில வாயு மிகுந்த சூழலிலோ 48 மணி நேரம் வளர்த்தால்தான் சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தென்படும். வழக்கமான கல்ச்சரோ சாதாரணக் காற்றில், பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. சிறுநீரில் தோய்த்துக் கிருமியின் தடயம் பார்க்கும் நைட்ரைட் பட்டையும் நிறம் மாறாது.

சிறுநீரில் சீழணுக்கள் நிறைந்திருந்தும் கல்ச்சர் வெறுமையாக வந்தால், கூடுதல் நேரம் வளர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கை போன போக்கில் எழுதித்தரப்படும் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இந்தப் பாக்டீரியாவிடம் பல நேரம் எடுபடாது. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளுக்குப் பொதுவாக அடங்கும்.