எண்ணெயை நிறுத்தினேன், மாதவிலக்கும் நின்றுவிட்டது

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. பினாங்கு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஷிப்ட் வேலை. எடை குறைக்க எட்டு மாதமாக எண்ணெய், தேங்காய், நெய், முட்டை மஞ்சள் கரு எதையும் தொடுவதில்லை. காலையில் ஓட்ஸ், மதியம் அவித்த காய்கறி, இரவில் இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் தே தாரேக். 11 கிலோ குறைந்தது. ஆனால் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, இப்போது நான்கு மாதமாக வரவே இல்லை. முடி கொத்தாகக் கொட்டுகிறது. உடன் வேலை செய்யும் தோழி ஒருவர் இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் சேர்ந்த 'ஹார்மோன் செட்' மாதம் 280 வெள்ளிக்குத் தருகிறார். மாமியாரோ தினமும் ஒரு கரண்டி நெய் குடி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மாமியார் பாதி சரி, தோழி கால்வாசி சரி. ஆனால் இருவருக்கும் முன்னால் டாக்டர். நான்கு மாதம் வரவில்லை என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, அது இல்லை என்றானதும் அரசாங்க கிளினிக்கில் தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன்கள், ரத்த அளவு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். நம் குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். சூலக நீர்க்கட்டிப் பிரச்சினையாகவும் இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம், இங்கே உட்கார்ந்துகொண்டு நான் அடித்துச் சொல்ல முடியாது.

இருந்தாலும் நீங்கள் எழுதிய சாப்பாட்டைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: நீங்கள் கொழுப்பை மட்டும் நிறுத்தவில்லை, கிட்டத்தட்ட சாப்பிடுவதையே நிறுத்திவிட்டீர்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி, அதுதான் சூலகத்துக்கு மாதாமாதம் 'வேலையை ஆரம்பி' என்று சொல்லி அனுப்புகிறது. வருகிற சாப்பாடு உடம்புக்கே போதவில்லை என்று தெரிந்தால், இந்த நேரத்தில் பிள்ளை வேறா என்று அது அந்தச் செய்தியை நிறுத்திவிடும். ஈஸ்ட்ரோஜன் குறையும். மாதவிலக்கு வராதது நிம்மதி என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், ஆனால் இப்படி ஈஸ்ட்ரோஜன் குறைந்தே கிடந்தால் எலும்பு தேயும், அது வெளியே தெரியாது.

அப்படியானால் நெய்? ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் கொலஸ்ட்ராலில் இருந்துதான் உருவாகின்றன, உண்மை. ஆனால் அந்தக் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், செய்துகொள்கிறது, அதனால் நெய்யைக் குடித்தால் ஹார்மோன் ஊறும் என்பது கணக்குக்கு வராது. கொழுப்பு வேண்டியது வேறு காரணங்களுக்காக: சக்திக்கு, ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர, உடம்பு தானே செய்துகொள்ள முடியாத ஒமேகா கொழுப்புகளுக்கு.

எவ்வளவு என்றால், ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடும் பெண்ணுக்கு அதில் கால்வாசியிலிருந்து 30 சதவீதம் வரை கொழுப்பாக இருக்கலாம், அதாவது 50 முதல் 60 கிராம். சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சுமார் 14 கிராம், ஒரு முழு முட்டை 5, ஒரு கைப்பிடி நிலக்கடலை 14. ஒரு கெம்போங் மீனையும் சேர்த்து, ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயில் குழம்பு வைத்தால் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். தேங்காய்ப்பாலில்தான் கவனம். கெட்டிப்பால் அரைக் கப்பிலேயே நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) சுமார் 20 கிராம் இருக்கும், ஒரு நாளைய வரம்பே அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிடுங்கள், தினமும் காலையில் வேண்டாம். நெய்யும் அப்படித்தான், பருப்பில் ஒரு தேக்கரண்டி விட்டால் போதும், மாமியாருக்கும் மனக்குறை இருக்காது.

(நானும் ஒரு காலத்தில் கொழுப்பில்லாத பிஸ்கட் என்று எழுதியிருந்ததை நம்பிப் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றவள்தான். கொழுப்பை எடுத்த இடத்தில் சீனியைக் கொட்டி வைத்திருந்தார்கள்.)

இனி அந்த செட். இரும்பு குறைந்தால் முடி கொட்டும், அசதி வரும், அந்த அளவில் தோழி சொல்வது சரி. ஆனால் ரத்த அளவு குறைவாக இருப்பவர்கள் எல்லாருக்கும் இரும்புதான் குறைவு என்றில்லை. நம் நாட்டில் தலசீமியா மரபணு உள்ளவர்கள் கணிசம், அவர்களுக்கும் ரத்த அளவு குறைவாகக் காட்டும், வெறும் இரும்பு மாத்திரையால் அது ஏறாது. அதனால் உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். துத்தநாகம் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து போனால் தாமிரத்தை உடம்பில் சேரவிடாது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும். அட்டையில் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா, MAL என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாததைத் தொடவே தொடாதீர்கள்.

மாத்திரைக்கு முன்னால் தே தாரேக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை வயிற்றிலேயே கட்டிப்போட்டுவிடும், ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்தத் தொல்லை குறையும். மாறாக ஒரு லீமாவ் கஸ்தூரியை (சின்ன எலுமிச்சை) பிழிந்துகொண்டாலோ சாப்பிட்டதும் அரைக் கொய்யா கடித்தாலோ இரும்பு நன்றாகச் சேரும். நெத்திலியைக் கிள்ளிச் சுத்தம் செய்கிறேன் என்று தலையையும் முள்ளையும் குப்பையில் போட்டால் கால்சியமும் அங்கேயேதான் போகும். பொடி நெத்திலியாக வாங்கி, உப்புப் போக அலசி, முழுசாகப் பொரித்துவிடுங்கள். வீட்டில் இளஞ்சிவப்பு இமயமலை உப்பு வைத்திருந்தால் பெரும்பாலும் அதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள், தைராய்டுக்கு அயோடின் வேண்டும், சாதாரண அயோடின் உப்புக்கே மாறிவிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். இந்த வாரம் முழு முட்டையும் மதியத்துக்கு மீனோடு சோறும், அடுத்த வாரம் கடலை, அப்புறம் இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒழுங்கான ஒரு சாப்பாடு. எடை ஓரிரண்டு கிலோ ஏறலாம், பயந்து மறுபடி நிறுத்திவிடாதீர்கள். மாதவிலக்கு திரும்ப சில மாதங்கள்கூட ஆகலாம். கிளினிக்குக்குப் போகும்போது கடைசியாக வந்த தேதியை எழுதி எடுத்துப் போங்கள், அந்த செட்டை ஏற்கெனவே வாங்கியிருந்தால் டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.