அரிக்கேன் விளக்கின் இரு பக்கக் குழாய்கள் எதற்கு?

பிடிமானத்துக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சட்டத்தைத் தாங்குவது உண்மைதான், ஆனால் முக்கியமான வேலை காற்று கொண்டுபோவது. அமெரிக்கரான ஜான் இர்வின் 1860களின் கடைசியில் கொண்டுவந்த யோசனை இது.

அவருடைய முதல் வகையில், கண்ணாடிக்கு மேலே எழும் சூடான காற்றில் ஒரு பகுதி, வெளிக்காற்றோடு கலந்து குழாய் வழியே கீழிறங்கித் திரிக்குப் போகும். எரிந்த காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் வெளிச்சம் மங்கல். 1870களில் அவரே இதைத் திருத்தினார். புகை நடுவில் இருக்கும் புகைபோக்கி வழியாக வெளியேறும். குழாய்களில் சுத்தமான காற்று மட்டும் இறங்கும். சுடர் பளிச்சென்று வெளுப்பாக எரியும். நம் வீடுகளில் இருந்த அரிக்கேன்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகைதான்.

சரி, பலமான காற்றிலும் ஏன் அணைவதில்லை? காற்று நுழையும் வாயும் புகை வெளியேறும் வாயும் இரண்டுமே மேலே, பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காற்று வேகமாக அடித்தால் இரண்டிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே மாறும். சுடரைத் தள்ள ஆளில்லை. ஆங்கிலத்தில் சூறாவளியைக் குறிக்கும் ‘ஹரிக்கேன்’ என்ற பெயரே இதனால்தான், நம் வாயில் அது அரிக்கேன் ஆகிவிட்டது.

கண்ணாடி கருத்தால் குழாயைக் குறை சொல்லாதீர்கள். திரியை அதிகம் ஏற்றியிருப்பீர்கள், அல்லது அதைக் கோணலாக வெட்டியிருப்பீர்கள்.