காடழிப்பைக் குறைக்க நிதி தந்தால் போதாதா? நல்லாட்சி ஏன் நிபந்தனையாகிறது?

போதாது என்பதற்கு இந்தோனேசியாவின் அனுபவமே தெளிவான சான்று. காடழிப்பால் வெளியாகும் கரியமில வாயுவைக் குறைக்கும் 'ரெட் பிளஸ்' ஏற்பாட்டின்கீழ், 2010 மே மாதத்தில் நார்வே அந்நாட்டுக்கு 100 கோடி டாலர் வரை வழங்க ஒப்புக்கொண்டது. ஆனால் அதில் பெரும்பகுதி, உமிழ்வு குறைந்தது மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே கிடைக்கும் என்பது நிபந்தனையாக இருந்தது.

மெய்ப்பிக்க வேண்டுமானால், காடு எது என்பதில் முதலில் உடன்பாடு வேண்டும். அங்கோ அரசுத் துறைகளின் வரைபடங்களே ஒன்றோடொன்று முரண்பட்டன. ஒரே நிலத்தின்மீது செம்பனைத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் உரிமங்கள் வழங்கப்பட்டிருந்தன. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான 'ஒரே வரைபடம்' என்னும் முயற்சி இக்குழப்பத்திலிருந்துதான் பிறந்தது. மனிதர் வெட்டிச் சிதைக்காத முதன்மைக் காடுகளிலும், மட்கிய தாவரங்கள் படிந்த கரிச் சதுப்பு நிலங்களிலும் புதிய உரிமங்களை நிறுத்திவைத்த 2011ஆம் ஆண்டு ஆணை, ஏற்கெனவே வழங்கப்பட்டவற்றைத் தொடவில்லை என்பதே, என் பார்வையில், அதன் பெரிய குறை.

நில உரிமையும் இதே அளவு முக்கியமானது. பழங்குடிகளின் மரபுவழிக் காடுகள் அரசுக் காடுகள் அல்ல என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்த பிறகும், அவற்றை அளந்து பதிவுசெய்யும் பணி மெதுவாகவே நடந்தது. உரிமையாளர் யார் என்பதே உறுதியாகாதபோது, காட்டை அழிக்காமல் காப்பதற்கான இழப்பீட்டுத் தொகையை யாரிடம் கொடுப்பது?

கணக்குத் தணிக்கையை வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு: அந்நாட்டின் முன்னாள் அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில், 1994இல், காடு வளர்ப்பு நிதியிலிருந்து அரசு விமான உற்பத்தி நிறுவனத்துக்குப் பணம் திருப்பிவிடப்பட்டது. நிதி கொடுப்போரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பணம் வந்துசேரவில்லை என்று குறைகூறி 2021இல் இந்தோனேசியா நார்வேயுடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது, அடுத்த ஆண்டு புதிய உடன்பாடு கையெழுத்தானது.