வடசென்னைக்கு எம்.பி. இடைத்தேர்தல் வந்தால்: கேட்டவையும் பதில்களும்

மாதவரம் பால்பண்ணையிலிருந்து: எம்.பி. சீட் நடுவில் காலியானால் எத்தனை நாளில் தேர்தல் வைக்கணும் அண்ணா? எங்களுக்கும் ஓட்டு உண்டுதானே?

காலியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 151ஏ. மிச்சப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவென்றால் வைக்க வேண்டியதில்லை. ஜெயிப்பவருக்கும் அந்த மிச்சக் காலம்தான், புதிதாக 5 வருஷம் கிடைக்காது.

உங்களுக்கு ஓட்டு இல்லை தம்பி. பேச்சில் மாதவரம் வடசென்னைதான், ஆனால் தேர்தலுக்கு அது திருவள்ளூர் தொகுதி. வடசென்னை என்றால் திருவொற்றியூர், ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க.நகர், இராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள். துறைமுகம் தொகுதிகூட மத்திய சென்னையில் போய்விட்டது.

பெரம்பூர்: சுயேச்சையாக நிற்கலாமென்று இருக்கேன் சார். மனு எதனால் தள்ளுபடி ஆகும்?

பெரும்பாலும் முன்மொழிபவர்களால். சுயேச்சைக்கு 10 பேர் வேண்டும், பத்துப் பேருமே வடசென்னை வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். மாதவரத்து மச்சான் கையெழுத்துப் போட்டால் மனு அங்கேயே போச்சு. கைநாட்டு வைப்பவரை நேரில் கூட்டிப்போங்கள், தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னால் வைத்தால்தான் செல்லும். சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், "இல்லை" என்றாவது எழுதுங்கள். வேட்பாளர் வாயால் சொல்லி எடுக்கும் உறுதிமொழியை மனு கொடுத்த கையோடு எடுத்துவிடுங்கள், பரிசீலனை நாளன்று எடுத்தால் செல்லாது.

டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் திரும்ப வராது. தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவரை 3 ஆண்டு வரை தகுதிநீக்கம் செய்யலாம்.

காசிமேடு: விடிகாலை மீன் ஏலத்துக்கு ரொக்கம்தான் எடுத்துப் போவோம். பறக்கும் படை பிடித்தால்?

50,000-க்கு மேல் இருந்தால் காகிதம் கேட்பார்கள். பேங்கில் எடுத்த சீட்டு, முந்தின நாள் ஏலக் கணக்கு, வியாபாரப் பதிவு நகல் மூன்றையும் வண்டியிலேயே வையுங்கள். மீறி எடுத்துவிட்டால் எழுத்தில் ரசீது வாங்காமல் நகராதீர்கள். மாவட்டக் குறைதீர் குழு என்று மூன்று அதிகாரிகள் இருப்பார்கள், வேட்பாளரோடு தொடர்பில்லை என்று காட்டினால் விடுவிப்பார்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் விஷயம் வருமான வரித்துறைக்குப் போய்விடும்.

தண்டையார்பேட்டை: முதல் தடவையாக பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறேன். எதைக் கவனிக்கணும் அண்ணே?

ஏஜென்ட் நியமனப் படிவமான படிவம் 10-இல் வேட்பாளர் கையெழுத்தோடு, வாக்குப்பதிவு தொடங்க 90 நிமிஷம் முன்னால் பூத்தில் இருங்கள். 7 மணிப் பதிவென்றால் 5.30. ஏஜென்டுகள் வராவிட்டால் 15 நிமிஷம் பார்ப்பார்கள், பிறகு மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். குறைந்தது 50 ஓட்டு, நோட்டா உட்பட எல்லாப் பட்டனும் அழுத்தப்பட வேண்டும். முடிந்ததும் குளோஸ், ரிசல்ட், கிளியர், இதே வரிசையில். கிளியர் மறந்தால் அந்த 50 ஓட்டும் மெஷினிலேயே தங்கி, சாயங்காலம் கணக்கு உதைக்கும். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்துவிட்டார்களா என்று கண்ணால் பாருங்கள். சீல் வைக்கும்போது கன்ட்ரோல் யூனிட் எண்ணையும் சீல் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பகலில் இரண்டு மணிக்கொரு தரம் டோட்டல் கேட்டு எழுதுங்கள். 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுக்க வேண்டும். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே போகும். எல்லாம் முடிந்ததும் 17சி, அதாவது பூத்தில் பதிவான ஓட்டுகளின் கணக்குப் படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்கவே கூடாது. பிரியாணிப் பொட்டலம் வந்ததும் கிளம்பிவிடுகிற ஏஜென்டால் கட்சிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எண்ணிக்கை மேஜையில் நம் ஆள் கையில் அந்த 17சி இருந்தால்தான் இது அதே மெஷினா, அதே மொத்தமா என்று ஒப்பிட முடியும். ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் குலுக்கலில் 5 பூத், ஆக 30 பூத்துக்குத்தான் விவிபாட் சீட்டை எண்ணுவார்கள். மற்ற பூத்துக்கெல்லாம் 17சிதான் துணை.

எண்ணூர்: ரேஷன் கார்டு காட்டி ஓட்டுப் போடலாமா? கம்பெனி லீவு தருமா?

ரேஷன் கார்டு பட்டியலில் இல்லை, பூத் சிலிப் மட்டும் போதாது. ஆதார், பான், லைசென்ஸ், போட்டோ ஒட்டிய பாஸ்புக் செல்லும். சம்பளத்தோடு லீவு சட்டப்படி உரிமை (135பி), தினக்கூலிக்கும் சேர்த்து.

கொருக்குப்பேட்டை: பணப் பட்டுவாடா நிரூபணமானால் தேர்தலே நிற்குமா?

நின்றிருக்கிறது, உங்கள் ஆர்.கே.நகரிலேயே. 2017 ஏப்ரல் 12-இல் நடக்க வேண்டியதை மூன்று நாள் முன்னால் ரத்து செய்து, டிசம்பர் 21-இல் வைத்தார்கள். பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அந்த இடத்திலிருந்தே படம் அனுப்புங்கள்.

வியாசர்பாடி: என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால்?

சண்டை போடாமல் அடையாளத்தைக் காட்டி, தேர்தல் நடத்தை விதி 49பி (49P) படி ஓட்டுக் கேளுங்கள். மெஷினில் விடமாட்டார்கள், வாக்குச் சீட்டு தருவார்கள். அது தனி உறைக்குள் போகும். எண்ணிக்கையன்று அதைப் பிரிக்க மாட்டார்கள், பிறகு வழக்கு வந்து கோர்ட்டு கேட்டால்தான் எடுப்பார்கள்.