குடல் பாக்டீரியா மனநிலையை மாற்றுமா? எங்கள் அப்பாவிடம் நான் பார்த்தது

குடலில் இருக்கும் பாக்டீரியா நம் மனநிலையையும் கவனத்தையும் மனத்தெம்பையும் உண்மையிலேயே மாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லீரல் கெட்டவர்களிடம் கண்டிப்பாக மாற்றும். இதைப் பற்றிப் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட்டேன்.

அப்பாவுக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கிப்போகும் நோய். குடிப்பழக்கம் கிடையாது, சர்க்கரை நோயும் கல்லீரலில் படிந்த கொழுப்பும் கொண்டுவந்து விட்டது. முப்பது வருடம் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர். அப்படிப்பட்டவர் ஒரு மாதம் பால் கணக்கைக் கூட்ட முடியாமல் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர், காபி ஆறிவிட்டதென்று டம்ளரைத் தள்ளிவிட்டார். வயதாகிறது, மனசு சரியில்லை என்றுதான் நினைத்தோம்.

மருத்துவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொன்னார். கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டோடு தொய்ந்து விழுவதும் எழுவதுமாக அடித்துக்கொண்டன. அடுத்து அவர் கேட்டது, "வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?" நாலு நாள்.

விஷயம் இதுதான். நாம் சாப்பிடும் புரதத்தையும் உடலின் யூரியாவையும் குடல் பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதைப் பிடித்து யூரியாவாக மாற்றிவிடும். கெட்டுப்போன கல்லீரலைத் தாண்டி அது மூளைக்குப் போய்க் குழப்பத்தை உண்டாக்குகிறது. மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசம். மருந்தாகக் கொடுத்தது லாக்டுலோஸ் என்ற இனிப்பான சிரப். அது நமக்குச் செரிக்காத சர்க்கரை. பெருங்குடல் பாக்டீரியாதான் அதைத் தின்று அமிலமாக்குகிறது. அமிலத்தில் அம்மோனியா ரத்தத்துக்குள் ஏறாமல் தங்கி, மலத்தோடு போய்விடுகிறது. கூடவே ரிஃபாக்சிமின், பெரும்பாலும் குடலுக்குள்ளேயே நிற்கும் ஆன்டிபயாடிக். 2010இல் வந்த ஓர் ஆய்வில், இப்படிக் குழப்பம் வந்து தெளிந்த 299 நோயாளிகளை ஆறு மாதம் கவனித்தார்கள். ரிஃபாக்சிமின் எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் குழப்பம் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலையில் அப்பா அதே நோட்டை எடுத்துப் பார்த்தார். "இது யார் போட்ட கணக்கு? பன்னெண்டாம் தேதி பாலே வாங்கலையே!" அம்மா அடுப்படியிலேயே அழுதுவிட்டார்.

சரி, கல்லீரல் நன்றாக இருப்பவர்களுக்கு? அங்கே எலிகளிடம் பார்த்தது அதிகம், மனிதர்களிடம் உறுதியானது குறைவு. 2004இல் ஜப்பானில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளை அடைத்துவைத்தபோது மன அழுத்த ஹார்மோன் மற்ற எலிகளைவிட அதிகமாக ஏறியது. குட்டியிலேயே பாக்டீரியா கொடுத்தால் அது சரியானது. 2011இல், அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு வகையைக் கொடுத்தபோது எலிகளின் பயம் தணிந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டினால் அந்தப் பலன் காணாமல் போனது. ஆனால் அதே பாக்டீரியாவை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வெற்று மாத்திரையைவிட ஒரு பலனும் இல்லை. அதனால்தான் "மனச்சோர்வுக்குப் புரோபயாடிக்", அதாவது நல்ல பாக்டீரியா, என்று விற்கும் விலை உயர்ந்த டப்பாக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற ரசாயனத்தில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது என்பது சரிதான், ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் தயவுசெய்து இதையெல்லாம் நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் கல்லீரல் நோயாளி யாராவது இருந்து, திடீரென்று எரிந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, கையெழுத்து மாறினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நாங்கள் இரண்டு வாரம் வீணாக்கினோம். இப்போது தினசரிக் காலண்டர் தாளில் அப்பா எத்தனை முறை வெளிக்குப் போனார் என்று அம்மா கோடு போட்டு வைக்கிறார். இரண்டு மூன்று கோடு இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் சாயங்காலமே எனக்குப் போன் வந்துவிடும்.